பிரஸ்ட்விக்: ஓபன் விட்டுப்போன மைதானத்துக்கு ஏன் போக வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கோல்ஃப் பழகிய ஒருவர் அடுத்த ஜூனில் மனைவியோடு ஸ்காட்லாந்து போகிறார். இருவருமே ஆடுவார்கள். பழைய கடலோர லிங்ஸ் கிளப் ஒன்றில் ஒரு ரவுண்டாவது ஆடிவிட வேண்டும் என்று ஆசை. யாரோ பிரஸ்ட்விக்கைச் சொல்லியிருக்கிறார்கள். "உறுப்பினர் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா? 1925க்குப் பிறகு அங்கே ஓபன் சாம்பியன்ஷிப் என்ற பெரிய கோல்ஃப் போட்டி நடக்கவே இல்லையாமே, அப்படியானால் அது காலாவதியான மைதானமா? லிங்ஸில் ஆடத் தனியாக ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

விடுவார்களா என்பதற்குப் பதில் எளிது: விடுவார்கள், முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டால் போதும். காலாவதியா என்று கேட்டதுதான் நல்ல கேள்வி. ஓபன் அங்கிருந்து போனதால்தான் பிரஸ்ட்விக் இன்றைக்குத் தேடிப்போய் ஆடத் தகுந்த இடமாக மிஞ்சியிருக்கிறது என்பேன். அது ஏன் என்று புரிய, அந்த மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளாஸ்கோவுக்குத் தென்மேற்கே, கிளைட் கழிமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது பிரஸ்ட்விக். வானம் தெளிவாக இருந்தால் எதிரே அர்ரன் தீவின் மலைகள் தெரியும். கடற்கரைக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்பாங்கான, மேடும் பள்ளமுமான புல்வெளியைத்தான் லிங்ஸ் என்கிறார்கள். விதைத்தால் விளையாது. ஆடுகளும் முயல்களும் மேயும், அவ்வளவுதான். ஆனால் மழை பெய்து ஓய்ந்த சற்று நேரத்தில் தண்ணீர் மணலுக்குள் இறங்கித் தரை இறுகிவிடும். சத்தில்லாத அந்த மண்ணில் ஃபெஸ்க்யூ, பென்ட் போன்ற மெல்லிய புல்வகைகள் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதனால் தரை எப்போதும் இறுக்கமாக இருக்கும், விழுந்த பந்து நிற்காமல் ஓடும். நம் ஊர் மைதானங்களில் தண்ணீர் பாய்ச்சி மெத்தென்று வைத்திருக்கும் புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே உட்காருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, முதல் அதிர்ச்சி இந்த ஓட்டம்தான்.

மரம் கிட்டத்தட்டக் கிடையாது. அதற்குப் பதில் கோர்ஸ் என்ற முள்புதர் இருக்கிறது. மஞ்சள் பூவோடு பார்க்க அழகாக இருக்கும். உள்ளே போன பந்தை எடுக்கக் கை நீட்டினால் தெரியும் சங்கதி. ஊட்டிப் பக்கம் போனவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து, இன்றைக்கு அங்கே சோலைப் புல்வெளிகளை அடைத்துக்கொண்டிருக்கும் அதே செடிதான் இது.

இந்த மணல்மேட்டில் 1851இல் கிளப் தொடங்கியது. ரெட் லயன் என்ற விடுதியில் கூடி, எக்லிண்டன் பிரபுவை முன்னிறுத்தி ஆரம்பித்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து ஏர் நகருக்கு ரயில் ஓடத் தொடங்கிப் பத்தாண்டுகள் போல ஆகியிருந்தன. தண்டவாளம் மைதானத்தின் ஓரத்திலேயே போகிறது, இன்றும். மைதானத்தை அமைக்கவும் பராமரிக்கவும் கிழக்குக் கரையிலுள்ள கோல்ஃப் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார் கர்னல் ஃபேர்லி. வந்தவர் டாம் மாரிஸ். பிற்காலத்தில் மகனிடமிருந்து பிரித்துச் சொல்ல ஓல்ட் டாம் என்று உலகமே அழைத்த அதே மாரிஸ்.

அவர் ஊரை விட்டு வந்ததற்குப் பின்னால் ஒரு தொழில் தகராறு உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் வேலை பார்த்தார் டாம். தோலுக்குள் இறகைத் திணித்துப் பந்து செய்வது ராபர்ட்சனின் பிழைப்பு. 1848 வாக்கில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பிசினில் வார்த்த பந்து வந்தது. மலிவு, உறுதி, மழையில் நனைந்தாலும் பாழாகாது. தன் ஆள் அந்தப் பந்தில் ஆடுகிறார் என்று தெரிந்ததும் ராபர்ட்சனுக்குக் கோபம். இருவரும் பிரிந்தார்கள். மனைவியோடும் கைக்குழந்தையோடும் பிரஸ்ட்விக் வந்து சேர்ந்த டாம், ரயில் பாதைக்கும் கடலுக்கும் வடக்கே இருந்த ஒரு கல்சுவருக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் 12 ஹோல்களை, அதாவது பந்தை அடித்துக் குழியில் சேர்க்கும் 12 பாதைகளைப் போட்டார். இடம் போதாததால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பாதைகள். இன்றைய பாதுகாப்பு விதிகளை வைத்துப் பார்த்தால் எந்த வடிவமைப்பாளரும் கையெழுத்துப் போடமாட்டார்.

ராபர்ட்சன் 1859இல் இறந்துபோனார். அதுவரை அவர்தான் சிறந்த ஆட்டக்காரர் என்பதில் பெரிய விவாதம் இல்லை. அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்குப் பதில் காண பிரஸ்ட்விக் கிளப் ஒரு போட்டி வைத்தது. 1860 அக்டோபர் 17 அன்று எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள், ஒரே நாளில் மூன்று சுற்று, மொத்தம் 36 ஹோல். மஸல்பரோவைச் சேர்ந்த வில்லி பார்க் மட்டையால் மொத்தம் 174 அடி அடித்து முடித்தார்; குறைந்த அடிக்குத்தான் வெற்றி. டாம் மாரிஸுக்கு 176. தான் போட்ட மைதானத்திலேயே தோற்றார், பாவம். பரிசு பணமில்லை. வெள்ளி வேலைப்பாடுள்ள சிவப்புத் தோல் பெல்ட், அதுவும் ஓராண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டு தொழில்முறை அல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஓபன் சாம்பியன்ஷிப் பிறந்த கதை இவ்வளவுதான். முதல் 12 ஓபன்களும் பிரஸ்ட்விக்கில்தான் நடந்தன.

அந்த 12இல் பாதிக்கு மேல் ஒரே வீட்டுக்குப் போனது. 1861, 62, 64, 67 நான்கும் தகப்பனுக்கு. கைக்குழந்தையாக அங்கே வந்த மகன் யங் டாம் 1868இல் வென்றபோது வயது 17. ஓபன் வென்றவர்களில் மிக மூத்தவர் 1867இல் 46 வயதில் வென்ற தகப்பன், மிக இளையவர் மறு ஆண்டு வென்ற மகன். இன்றுவரை இரண்டும் உடைபடாத சாதனைகள். மூன்று முறை தொடர்ந்து வென்றால் பெல்ட் சொந்தம் என்று விதி எழுதி வைத்திருந்தார்கள். யாரால் முடியும் என்ற தைரியம்தான். 1870இல் யங் டாம் மூன்றாவது முறையும் வென்று பெல்ட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்டு 578 கஜ நீளமுள்ள முதல் ஹோலை மூன்றே அடியில் முடித்தார். மரக்கைப்பிடி மட்டையும் பிசின் பந்தும் வைத்துக்கொண்டு! அந்த முதல் டீ, அதாவது முதல் அடியை அடிக்கும் மேடை, இருந்த இடத்தில், கிளப் கட்டடத்துக்குப் பக்கத்தில், ஒரு கல் அடையாளம் வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று, 578 கஜம் என்றால் எவ்வளவு தூரம் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

கொடுக்கப் பரிசே இல்லாமல் 1871இல் போட்டி நடக்கவில்லை. பிறகு பிரஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ, எடின்பரோவின் ஹானரபிள் கம்பெனி ஆகிய மூன்று கிளப்புகளும் ஆளுக்குப் பத்து பவுண்டு போட்டு ஒரு வெள்ளிக் குவளை செய்தார்கள். அதுதான் கிளாரெட் ஜக். இப்போது தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அதன் நகல். 1872இல் வென்றவரும் யங் டாம்தான். குவளை அப்போது தயாராகவில்லை என்பதால் பதக்கம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாண்டு கழித்து, பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் இழந்த சில மாதங்களில், கிறிஸ்துமஸ் அன்று அவர் இறந்துபோனார். 24 வயது.

அப்புறம் ஓபன் மூன்று ஊர்களுக்கும் சுற்றத் தொடங்கியது. 1880களின் தொடக்கத்தில் பிரஸ்ட்விக் சுவரைத் தாண்டி வடக்கே நிலம் சேர்த்து 18 ஹோல் ஆனது. பழைய ஹோல்கள் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1890இல் ஜான் பால் இங்கேதான் வென்றார். ஓபன் வென்ற முதல் ஆங்கிலேயரும் அவர்தான், தொழில்முறை அல்லாத முதல் ஆளும் அவர்தான். 1914இல் ஹாரி வார்டன் தன் ஆறாவது ஓபனை இங்கே வென்றார். அந்த எண்ணிக்கையை இன்னும் யாரும் தொடவில்லை.

முடிவு வந்தது 1925இல். கடைசிச் சுற்று தொடங்கும்போது மெக்டொனால்ட் ஸ்மித் ஐந்து அடி முன்னிலை. கார்னூஸ்டியில் பிறந்து அமெரிக்கா போன ஸ்காட்டுக்காரர். நம் ஆள் ஜெயிக்கப் போகிறான் என்று ஊரே திரண்டுவிட்டது. அன்றைக்கு ஓபன் பார்க்க டிக்கெட் கிடையாது. ரயிலில் இறங்கினால் மைதானம். யார் வேண்டுமானாலும் வரலாம், ஆடும் புல்பாதையான ஃபேர்வேயிலேயே நடக்கலாம். பல ஆயிரம் பேர் அவரைச் சூழ்ந்து நெருக்கியடித்தார்கள். குறுகலான மைதானம், மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாத ஹோல்கள். ஒவ்வோர் அடிக்கும் வழி விலகக் காத்திருந்து ஆடி 82 எடுத்தார் ஸ்மித். முன்பே ஆடி முடித்திருந்த ஜிம் பார்ன்ஸ் கோப்பையை வாங்கிக்கொண்டார். ஸ்மித்துக்குக் கடைசிவரை ஒரு பெரிய பட்டமும் அமையவில்லை. மறு ஆண்டு இங்கிலாந்தின் லிதமில் ஓபனுக்கு முதல்முறையாக நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். பிரஸ்ட்விக்குக்கு ஓபன் திரும்பவே இல்லை. மொத்தம் 24 முறை. செயின்ட் ஆண்ட்ரூஸ் தவிர வேறு எந்த ஊரும் இதைத் தாண்டவில்லை.

இதில் பிரஸ்ட்விக்குக்கு என்ன லாபம்? ஓபன் சுற்றில் தொடரும் கிளப்புகள் எல்லாம் புதுப் பந்தும் புது மட்டையும் வந்த ஒவ்வொரு முறையும் டீயைப் பின்னால் தள்ளின, மணல்குழிகளான பங்கர்களை நகர்த்தின, "இது நியாயமில்லை" என்று பெரிய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்த இடங்களைச் சமப்படுத்தின. பார்வையாளர் மேடைக்கும் வண்டி நிறுத்தவும் இடம் பிடித்தன. அந்த நெருக்கடி எதுவும் பிரஸ்ட்விக்குக்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோல்ஃப் எப்படி இருந்தது என்பது அங்கே கண்ணாடிப் பெட்டியில் இல்லை. காசு கட்டினால் நாமே ஆடிப் பார்க்கலாம்.

முதல் ஹோலின் பெயரே ரயில்வே. வலப்பக்கம் சுவர், சுவருக்கு அப்பால் தண்டவாளம். வலப்பக்கம் வளைத்து அடிப்பவர்கள் அங்கே வெகுதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைத் தொடவே வேண்டாம். நடுத்தர தூரம் அடிக்கும் ஓர் அயர்ன் மட்டை போதும். முழங்கால் உதறினாலும் அவமானமில்லை, எல்லோருக்கும் உதறும்.

மூன்றாவது, கார்டினல். ஃபேர்வேயின் குறுக்கே ஒரு பெரிய பள்ளம், அதன் சுவர் முழுக்க ரயில் ஸ்லீப்பர் கட்டைகள். கட்டையில் பட்டால் பந்து திரும்பி வரும், சில நேரம் உங்கள் தலைக்கு மேலே. வலப்பக்கம் பவ் பர்ன் என்ற ஓடை. 1908 ஓபனில் ஜேம்ஸ் பிரெய்டே இந்த ஒரு ஹோலில் எட்டு அடித்தார். அப்படியும் எட்டு அடி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். அதனால் நீங்கள் எட்டு அடித்தால் நல்ல சகவாசத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஐந்தாவது, இமாலயாஸ். இருநூறு கஜ அளவில் ஒரு பார் மூன்று, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல். எதிரே ஒரு பெரிய மணல்மேடு, குழி இருக்கும் புல்தளமான கிரீன் அதற்கு அந்தப் பக்கம், டீயிலிருந்து ஒன்றுமே தெரியாது. எந்த டீயிலிருந்து அடிக்கிறீர்களோ அதற்கான நிறத்தில் மேட்டின் மேல் ஒரு குறி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து அடித்துவிட்டு ஏறிப்போய்ப் பார்க்க வேண்டியதுதான். நம் இமயத்தின் பெயரை இத்துனூண்டு மேட்டுக்கு வைத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வரும். அடிக்கும்போது வராது.

எனக்குப் பிடித்தது பதினேழாவது, ஆல்ப்ஸ். 1851இல் டாம் போட்ட 12இல் இது இரண்டாவது ஹோல். சாம்பியன்ஷிப் நடந்த ஹோல்களில் இன்னும் ஆடப்படும் மிகப் பழையது இதுதான் என்பார்கள். இரண்டாவது அடி மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டியதும் கிரீனுக்கு முன்னால் சஹாரா என்ற ஆழமான பங்கர். கிரீனை விட்டு விலகியதும் மணியடிக்க வேண்டும், பின்னால் வருபவர்களுக்கு அதுதான் சிக்னல். 1899இல் அமெச்சூர் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஃப்ரெடி டெய்ட்டின் பந்து மழைத் தண்ணீர் நிரம்பிய இந்தப் பங்கரில் மிதந்தது. மனிதர் தண்ணீரில் இறங்கி நின்று அடித்து வெளியே எடுத்தார். எதிராளி ஜான் பாலின் பந்து கட்டைச் சுவரை ஒட்டி ஈர மணலில். அவரும் எடுத்தார். அந்த ஹோல் சமன். கூடுதலாக ஆடிய 37ஆவது ஹோலில், அதாவது அந்த ரயில்வே ஹோலில், பால் வென்றார். சில மாதங்களில் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் டெய்ட் கொல்லப்பட்டார். அந்தப் பங்கரில் இறங்குகிற யாருக்கும், பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிகள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

பிளைண்ட் ஷாட் நியாயமா என்று ஒரு வாதம் உண்டு. இலக்கு தெரியாமல் அடிப்பது திறமையல்ல, அதிர்ஷ்டம் என்று பலர் சொல்வார்கள். ஒருமுறை மட்டும் ஆடுகிறவருக்கு அது உண்மைதான். உறுப்பினருக்கு அப்படியில்லை. அவருக்கு அந்த மேட்டின் பின்னால் இருக்கும் ஒவ்வொரு சரிவும் மனப்பாடம். அதனால்தான் உங்களுக்கு ஒரு யோசனை: வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் கேடியில் பிடிக்காதீர்கள். அவர் காட்டும் திசையை நம்பி அடியுங்கள். உங்கள் கண் சொல்வதை இங்கே நம்ப முடியாது.

ஆட்டத்தில் என்ன மாற்ற வேண்டும்? பந்தைத் தாழ்வாக அனுப்பப் பழகுங்கள். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து கடலோடு வரும். உயரப் போன பந்து அதற்குச் சொந்தம். கிரீனுக்கு முப்பது கஜம் முன்னால் விழவைத்து உருட்டிவிடுவதுதான் அங்கே சாதாரண அடி. பந்தை உயரத் தூக்கும் லாப் வெட்ஜ் மட்டையை வைத்து இறுகிய தரையிலிருந்து பந்தைத் தூக்கப் பார்த்தால் மட்டை துள்ளிப் பந்தின் நடுவில் மோதும், பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். கிரீனுக்கு வெளியிலிருந்தே, பந்தை உருட்டும் பட்டர் மட்டையை எடுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். கிளம்பும் முன் சென்னையில் பயிற்சி செய்ய வேண்டுமானால், ஏழாம் நம்பர் அயர்னில் முக்கால் வீச்சு அடித்துப் பந்தைத் தோள் உயரத்துக்குள் அனுப்பப் பாருங்கள். ஸ்கோர் அட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு மனைவியோடு, ஒவ்வொரு ஹோலையும் யார் வென்றார் என்று மட்டும் கணக்கிடும் மேட்ச் ப்ளே ஆடுவது இன்னும் நல்லது. இந்த மைதானம் உருவான காலத்தில் ஆட்டம் அப்படித்தான் இருந்தது.

இனி நடைமுறை. ஸ்காட்லாந்தின் பழைய கிளப்புகளில் பெரும்பாலானவை விருந்தினர் கட்டணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. உள்ளூர் உறுப்பினரின் ஆண்டுச் சந்தா ஏறாமல் இருப்பதற்கு நம்மைப் போன்றவர்கள் கட்டும் தொகைதான் காரணம். ஆகவே ஏதோ தயவில் உள்ளே போவதாக நினைக்க வேண்டாம். ஆனால் நேரம் அவர்களுடையது. வார இறுதி பெரும்பாலும் உறுப்பினர்களுக்கு, வார நாட்களில் விருந்தினருக்கென்று ஒதுக்கிய நேரங்கள். ஜூனுக்கு வேண்டுமென்றால் இப்போதே எழுதுங்கள். உங்கள் ஆட்டத் தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் கையில் இருக்கட்டும். மைதானத்தில் ஓட்டிப்போகும் கோல்ஃப் வண்டியை எதிர்பார்க்காதீர்கள், நடைதான். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆனாலும் மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் இல்லாமல் முதல் டீக்குப் போகாதீர்கள். உணவு அறைகளில் சிலவற்றில் கோட்டும் டையும் கேட்பார்கள். நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மெதுவாக ஆடுவதைத் தவிர வேறெதையும் அவர்கள் மன்னித்துவிடுவார்கள்.

மனைவி ஆடுவதில் சிக்கல் வருமா என்ற கவலை வேண்டாம். விருந்தினராகப் பெண்கள் ஆடுவது ஒரு விஷயம், உறுப்பினராவது வேறு விஷயம். பிந்தையதில்தான் இந்தப் பழைய கிளப்புகள் அநியாயத்துக்குத் தாமதம். ஆர் அண்ட் ஏ 2014இல்தான் பெண்களைச் சேர்க்க வாக்களித்தது. 2016இல் ஹானரபிள் கம்பெனியின் மைதானமான மியூர்ஃபீல்டில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் போக, இனி உங்களிடம் ஓபன் இல்லை என்று அதை நடத்தும் ஆர் அண்ட் ஏ அறிவித்தது. மறு ஆண்டே வாக்கு மாறிவிட்டது. பாரம்பரியம் என்பது எவ்வளவு சீக்கிரம் வளையும் பாருங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் கிடைக்காது என்றும் முடிவு கட்ட வேண்டாம். அங்குள்ள ஓல்ட் கோர்ஸ் மைதானம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை, பொது மைதானம். தினமும் குலுக்கல் உண்டு, பேர் கொடுத்துப் பார்க்கலாம். ஞாயிறு ஆட்டம் கிடையாது.

பிரஸ்ட்விக் போக கிளாஸ்கோ சென்ட்ரலில் ஏர் ரயில் ஏறி பிரஸ்ட்விக் டவுனில் இறங்குங்கள், சுமார் முக்கால் மணி நேரம்தான். ஸ்டேஷனை ஒட்டியே கிளப். ஊருக்குப் பெயர் வாங்கித்தந்த விமான நிலையமும் பக்கத்தில்தான். ஒருநாள் மிச்சம் இருந்தால் அதே ஊரில் பிரஸ்ட்விக் செயின்ட் நிக்கோலஸ் இருக்கிறது. அதுவும் 1851தான், ஆனால் பிரபுக்கள் அல்ல, ஊரின் கைவினைஞர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து தொடங்கியது. செலவும் குறைவு. அதே ரயில் பாதையில் ட்ரூன் வரும். அங்கே ராயல் ட்ரூனின் எட்டாவது ஹோல் வெறும் 123 கஜம், பெயர் போஸ்டேஜ் ஸ்டாம்ப், பெரிய பெரிய ஆட்டக்காரர்களைத் திணறடித்தது. மூன்றுக்கும் சேர்த்து ஏர்ஷயரில் தங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம். முதலில் பிரஸ்ட்விக்கில் நேரம் உறுதியாகட்டும், மற்றதையும் விமான டிக்கெட்டையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.